நின்றுபோன ஜீப்பும் ஒரு பிளாஸ்க் தண்ணீரும்

வாடகை வண்டி காட்டு ரோட்டில் நின்றுவிட்டது. மடியில் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடக்கும் குழந்தை. கையில் ஒரே ஒரு பிளாஸ்க் காய்ச்சி ஆறிய தண்ணீர். குழந்தைக்கும் அதுதான் வேண்டும், எஞ்சினுக்கும் அதுதான் வேண்டும். யாருக்குக் கொடுப்பது?

சில வருடங்கள் ஆகிவிட்டன. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. கொடுத்துவிட்டேன் என்பது வேறு. கொடுத்தது சரியா என்பதுதான் தெரியவில்லை.

போன வாரம் எங்கள் செட்டில்மென்ட் வீட்டின் கூரையைப் பற்றி எழுதியபோது, "இவ்வளவு பயந்த சுபாவம் உள்ளவர் அந்தமானுக்கு ஏன் போனீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நான் போகவில்லை அம்மா, என் கணவருக்கு வேலை அங்கே கிடைத்தது. பயமும் என்னோடு கப்பலேறி வந்தது. அவ்வளவுதான்.

அன்று காலை

ஃபெரார்கஞ்சைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் அப்போது இருந்தோம். சுற்றிலும் வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள். என் கணவர் ரோடு ஓவர்சியர். அவரைத் தெற்கே கடைசித் தீவில் இருக்கும் கேம்பல் பே என்ற ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். கப்பல் எப்போது வருமோ அப்போதுதான் அவரும் வருவார். நானும் எங்கள் மகள் ராணியும் மட்டும் வீட்டில். ராணிக்கு அப்போதுதான் இரண்டு பல் முளைத்திருந்தது.

கோடை. கிணற்றில் வாளி தரையைத் தட்டும் காலம். மழைக்காலத்தில் எங்கே பார்த்தாலும் தண்ணீராக இருக்கும் இந்தத் தீவில், பங்குனி வந்துவிட்டால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஓடையைத் தோண்ட வேண்டும் என்று மெயின்லேண்டில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ராணிக்கு முந்தின நாளே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஒரு பொட்டலம் மருந்து கொடுத்து, "காய்ச்சி ஆறின தண்ணியத் தவிர வேற எதுவும் வாயில படக் கூடாது. கேட்டுதா? வேற எதுவும்" என்று விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். நான் சொன்னதைச் செய்கிறவள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ஆசிரியப் பயிற்சியிலும் அப்படித்தான். விடிய விடியத் தண்ணீர் காய்ச்சினேன். பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன்.

காலையில் குழந்தையைத் தூக்கியபோது உச்சிக்குழி உள்ளே போயிருந்தது. அழுதாள், கண்ணீர் வரவில்லை. மார்பில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றுக்குப் போய்த் துணி நனையவும் இல்லை.

பக்கத்து வீட்டுச் சந்தியா தீதியிடம் ஓடினேன். தீதி என்றால் வங்காளியில் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், நாலு பிள்ளை பெற்றவள். எதற்கும் என்னைக் கேலி செய்யாமல் இருக்கமாட்டாள். நான் ஆசிரியப் பயிற்சி முடித்தவள் என்பதால் அவள் எனக்கு வைத்த பெயர் மாஸ்டர்னி. எங்கள் பேச்சு தீவு இந்தியில் நடக்கும், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

குழந்தையைப் பார்த்தவள் அன்று கேலி செய்யவில்லை. "போர்ட் பிளேர் ஆஸ்பத்திரி. இப்பவே" என்றாள். அவளும் என்னோடு கிளம்பினாள்.

வாடகை ஜீப் என்பது

மெயின்லேண்டு வாசகர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக் கார் என்றவுடன் ஸ்டாண்டில் வரிசையாக நிற்பதை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்தில் வாடகைக்கு ஓடியது ஒரே ஒரு ஜீப். ராணுவத்தில் கழித்துப் போட்டதை ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தார். டீக்கடையில் சொல்லி வைக்க வேண்டும். கொப்பரை மூட்டைக்கும் அதுதான், கல்யாண மாப்பிள்ளைக்கும் அதுதான், பிரசவத்துக்கும் அதுதான்.

டிரைவர் செல்லையா பரமக்குடிப் பக்கத்துக்காரர். தீவுக்கு வந்து பல வருடமாகியிருந்ததால் தமிழில் பாதி இந்தியாக இருக்கும். முதலாளி அவருக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்றுதான்: வண்டி எங்கே நின்றாலும் வண்டியை விட்டு நகரக் கூடாது. முன்பு ஒருமுறை ஆளில்லாமல் விட்ட வண்டியில் பேட்டரி முதல் சீட்டு வரை கழற்றிக்கொண்டு போய்விட்டார்களாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மரம் ஏற்றும் லாரிகள் ஓடாது. காலை பஸ் போய்விட்டது. ஜீப்பைத்தான் நம்பினோம். பாம்பூஃப்ளாட் போய்விட்டால் அங்கிருந்து ஃபெர்ரி, அக்கரையில் சாத்தம், அப்புறம் ஆஸ்பத்திரி. ஞாயிறு பகலில் ஃபெர்ரிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி உண்டு. மத்தியானப் படகைப் பிடித்தே ஆக வேண்டும்.

ஒரு பை நிறையக் குழந்தைத் துணி, சோப்பு, பாலாடை, மருந்துப் பொட்டலம். தோளில் பிளாஸ்க். நான் கப்பலேறும்போது என் தம்பி வாங்கித் தந்தது, சிவப்பு மூடி போட்டது.

முதலில் சோப்பு கேட்டது

பாதி வழியில் பானெட்டின் இடுக்கிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. ஈயம் காய்கிற வாசனை. செல்லையா வண்டியை மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார்.

"பயப்படாதீங்கக்கா. வண்டி கரம் ஆயிருச்சு. தோடா டைம் குடுத்தா சரியாயிரும்." கரம் என்றால் சூடு, தோடா என்றால் கொஞ்சம்.

"எவ்வளவு நேரம்?"

"அத வண்டியத்தான் கேக்கணும்."

"அப்போ கேளு!" என்றாள் சந்தியா தீதி. "பொண்டாட்டிகிட்டப் பேசாதவன், இதுகிட்டத்தானே நாள் பூரா பேசுற."

அவளே இறங்கிப் போய் இரண்டு பச்சைக் கிளைகளை ஒடித்து, ரோட்டில் வண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் போட்டாள். வளைவில் வருகிறவனுக்கு இங்கே ஒரு வண்டி நிற்கிறது என்று அதுதான் அடையாளம். சக்கரத்துக்கு அடியில் கல் வைத்ததும் அவள்தான்.

ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயில் வெடிப்பு. செல்லையா என் பையைப் பார்த்தார்.

"அக்கா, சோப்பு இருக்கா?"

குழந்தை சோப்பை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பிசைந்து வெடிப்பில் அப்பினார். "ஒரு துணி?" ராணியின் இடுப்புத் துணி ஒன்றைக் கொடுத்தேன். நீளமாகக் கிழித்து அதன்மேல் இறுக்கிச் சுற்றினார். சீட்டுக்கு அடியில் இருந்த டின் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். வண்டி உறுமியது.

குழந்தைக்கென்று நான் கட்டிக்கொண்டு வந்ததையெல்லாம் ஜீப் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறதே என்று அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது நினைவிருக்கிறது.

மேட்டுக்குக் கீழே

இரண்டாவது முறை நின்ற இடத்தை இப்போது அந்த வழியில் போனாலும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஒரு பக்கம் காடு. மறு பக்கம் கீழே சதுப்பு மரங்களும் உப்பங்கழியும். எதிரே செங்குத்தான மேடு. அதைத் தாண்டினால் பாம்பூஃப்ளாட் வரை பெரும்பாலும் இறக்கம்தான்.

துணிக்கட்டு அவிழவில்லை. ஆனால் தண்ணீர் கசிந்து தீர்ந்திருந்தது. எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். ராணியைத் தோளில் போட்டபடி நான் ரோட்டில் நடந்தேன். அவள் தலை என் கழுத்தில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், உடனே மூடிக்கொள்வாள்.

"கீழ இவ்வளவு தண்ணி கெடக்கே" என்றேன்.

"உப்பு அக்கா. அத ஊத்தினா உள்ள அரிச்சுப்போயிரும். முதலாளி குழாயில விரல வச்சு நாக்குல தொட்டுப் பாப்பாரு. அது போகட்டும், யாரு எறங்குறது? அங்க மகர் இருக்கு." மகர் என்றால் முதலை.

"நீ எறங்கு" என்றாள் தீதி. "உன்னக் கடிச்சா முதலைக்குத்தான் பேதியாகும்."

செல்லையா என் தோளில் தொங்கிய பிளாஸ்க்கைப் பார்த்தார். சோப்புக்கும் துணிக்கும் கேட்டவர் இதைக் கேட்கவில்லை. பார்வையைத் திருப்பிக்கொண்டார். நான்தான் கேட்டேன்.

"இது போதுமா?"

"மேடு ஏறிட்டாப் போதும் அக்கா. அதுக்கு இது ஆகும்னு நெனைக்கிறேன். அப்புறம் எஞ்சினே வேணாம், நியூட்ரல்ல உருட்டிக் கொண்டுபோயிருவேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நெனைக்கிறேன்."

இளநீர்

அதற்குள் தீதி எங்கோ போயிருந்தாள். திரும்பியபோது புடவையை மடித்துச் செருகியிருந்தாள், இரண்டு கையிலும் இளநீர். ரோட்டோரத்தில் யாரோ வைத்த குட்டைத் தென்னை. "ஏ வீட்டுக்காரா, எடுத்துக்கறேன்!" என்று காட்டைப் பார்த்துக் கத்திவிட்டுப் பறித்தாளாம். ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்திவிட்டு எடுப்பது அங்கே வழக்கம்.

"இத குழந்தைக்குக் குடு, அத வண்டிக்குக் குடு. முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசன?"

எனக்கு முடியவில்லை. கம்பவுண்டரின் விரல் கண்ணுக்கு முன்னால் ஆடியது. வேற எதுவும் வாயில படக் கூடாது.

"மாத்திச் செய்யலாமே" என்றேன். "இளநீர வண்டிக்கு ஊத்துங்க. இந்தத் தண்ணி குழந்தைக்கு இருக்கட்டும்."

செல்லையா தலையை ஆட்டினார். "இனிப்பு அக்கா அது. கொதிச்சா நுரைச்சுக்கும். பாதி மேட்டுல வண்டி நின்னா பின்னாடி உருளும். ஹேண்ட் பிரேக்கு பேருக்குத்தான் இருக்கு. சின்னப் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் மாட்டேன்."

அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. பின்னாளில் போர்ட் பிளேரில் ஜங்லிகாட் பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்காரரைக் கேட்டேன், "ஆமா, அடைச்சிரும்" என்றார். அடுத்த கடைக்காரர், "யார் சொன்னது? நானே ஊத்தியிருக்கேன்" என்றார்.

"நடந்து போயிடலாமா?" என்று தீதியைக் கேட்டேன்.

"இந்த வெயில்லயா? மேடு ஏறுறதுக்குள்ள படகு போயிரும், மாஸ்டர்னி. என் நாலும் இளநீர் குடிச்சு வளந்ததுதான். பேதிக்கு எங்க வீட்டுல வேற மருந்தே கெடையாது."

"உங்க பிள்ளைங்க வேற..."

"என்ன வேற? அதுங்களுக்கு வயிறு தகரத்துல செஞ்சதா?"

அவள் கோபத்தில் சொன்னாள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஆனால் வேறு என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டால், அதுவும் தெரியவில்லை.

அந்த இடத்தில் என் கணவர் இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருப்பேன். அம்மா இருந்திருந்தால் அம்மாவைக் கேட்டிருப்பேன். கம்பவுண்டரோ மேடும் ஜீப்பும் இல்லாத ஒரு குழந்தைக்குச் சொல்லியிருந்தார். மூன்று பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தோம். அதில் ராணியின் தாய் நான் ஒருத்திதான்.

பிளாஸ்க்கைக் கழற்றி செல்லையாவிடம் நீட்டினேன்.

நீட்டியதை அவர் உடனே வாங்கவில்லை. "அக்கா, கொஞ்சம் குழந்தைக்குன்னு எடுத்து வச்சுக்கங்க."

"கொஞ்சம் குறைஞ்சா மேடு ஏறுமா?"

"சொல்ல முடியாது."

"அப்போ எல்லாத்தையும் ஊத்துங்க."

பாலாடை

தண்ணீர் ரேடியேட்டருக்குள் இறங்கும் சத்தம் கேட்டது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தீதி செல்லையாவின் தாவை எடுத்து இளநீரைச் சீவினாள். தாவ் என்பது காட்டில் எல்லார் இடுப்பிலும் இருக்கும் வெட்டுக்கத்தி. முதல் முறை நின்றபோது செல்லையா அதனால்தான் ரப்பர் குழாயைச் சுரண்டியிருந்தார். கிரீஸ் படிந்திருந்தது. "துடைச்சீங்களா?" என்றேன். "துடைச்சேன், துடைச்சேன்" என்றாள். முதல் காயைக் கத்தியின் மேலேயே ஊற்றிக் கழுவினாள், என் திருப்திக்காக. மீதி ஒரு காய்.

வண்டி கிளம்பியது. முதல் கியரில் ஏறியது. நான் முன்சீட்டில், ராணி மடியில். ஜீப் குலுங்கும்போது பாலாடையில் பாதி என் புடவையில் சிந்தியது. முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். மூன்றாவதுக்கு உதட்டைச் சப்பினாள். அடுத்த நிமிடம் வாந்தி எடுத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. அந்த மேடு முழுவதும் நான் வண்டிச் சத்தத்தையும் கேட்கவில்லை, ரோட்டையும் பார்க்கவில்லை. அவள் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே எஞ்சின் இடித்தது. மறுபடி ஆவி. செல்லையா ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஏறு, ஏறு, என் ராசாத்தி" என்றார். சந்தியா தீதி கதவு இல்லாத பக்கமாகக் குதித்துப் பின்னால் போய்த் தள்ளினாள்.

ஏறிவிட்டது. எஞ்சினை அணைத்துவிட்டார். ஓடிவந்து தொற்றிக்கொண்ட தீதிக்கு மூச்சு வாங்கியது. பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான். இறக்கம் முழுவதும் செல்லையா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. விடாமல் ஹாரன் அடித்து வந்தால் நோயாளி வருகிறார் என்று ஃபெர்ரிக்காரர்களுக்குத் தெரியும். கயிற்றை அவிழ்த்துவிட்டவர்கள் மறுபடி கட்டினார்கள்.

வண்டியை விட்டு நகரக் கூடாது என்பதால் செல்லையா படகுத்துறைக்குள் வரவில்லை. "போய்ட்டு வாங்கக்கா" என்று வண்டிக்குப் பக்கத்திலிருந்தே கையை ஆட்டினார்.

டாக்டர் சொன்னது

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். வழியில் என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தீதி, "இளநீர்" என்றாள். நான் கம்பவுண்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, தீதியையும் பார்க்கவில்லை. "நேரத்துக்கு வந்து சேர்ந்தீங்க" என்றார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் என் மடியில் சூடாக ஏதோ பரவியது. புடவை நனைந்திருந்தது. "பெய்ஞ்சுட்டா! மாஸ்டர்னி, உன் பொண்ணு பெய்ஞ்சுட்டா!" என்று தீதி வார்டு முழுவதும் கேட்கிற மாதிரி கத்தினாள். நர்ஸ் வந்து அதட்டினார். நான் புடவையை மாற்றவே இல்லை.

அதற்குப் பிறகு

குழந்தை பிழைத்துவிட்டாளே, அப்புறம் என்ன கேள்வி என்று நீங்கள் கேட்கலாம். எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

ஆனால் அந்த மேட்டில் எஞ்சின் இடித்ததே, அங்கே நின்றுபோயிருந்தால்? தண்ணீரும் இல்லாமல், படகும் இல்லாமல், துவண்டு கிடக்கும் குழந்தையோடு நான் உட்கார்ந்திருப்பேன். அப்போதும் இதே முடிவுதான், இதே நான்தான். வண்டி ஏறியதால் மட்டும் அது சரியாகிவிடுமா?

என் கணவர் கப்பலில் வந்ததும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வண்டியில ஏன் ரெண்டாவது டின் இல்ல?" என்றார்.

"அது இல்லங்க கேள்வி. நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

ராணியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "நான் ஊத்தியிருக்கமாட்டேன்" என்றார். "பிளாஸ்க்க வச்சுக்கிட்டுக் காத்திருந்திருப்பேன். யாராவது வந்திருப்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டில் யார் வந்திருப்பார்கள்? நான் கேட்கவில்லை. அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பது தெரியும். இருந்தாலும் அந்த இரவு தூங்கும் ராணியின் உச்சியைத் தொட்டுப் பார்த்தேன். பலமுறை.

தெரிந்த டிரைவர்களைக் கேட்டால், வண்டி ஓடினால்தான் குழந்தை பிழைக்கும் என்கிறார்கள். தெரிந்த தாய்மார்களைக் கேட்டால், கையிலிருப்பதைக் குழந்தைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சந்தியா தீதியைக் கேட்டால், "இன்னும் அதயா நெனச்சிக்கிட்டிருக்க? வேற வேல இல்ல?" என்கிறாள்.

இப்போது

இதை இந்த வாரம் எழுதக் காரணம் இருக்கிறது. என் கணவருக்குக் கேம்பல் பேயிலேயே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். குவார்ட்டர்ஸும் தந்துவிட்டார்கள், குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார்கள். ராணி பரவாயில்லை, ஓடுகிறாள், எட்டிக் கிணற்றையே பார்க்கிறாள். அவள் தம்பிக்கு இன்னும் தலை நிற்கவில்லை.

அங்கே ரோடே இப்போதுதான் போடுகிறார்கள். போடுகிறவர் என் கணவர்தான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் போர்ட் பிளேருக்குக் கப்பலில் வர வேண்டும். கூட்டிப் போகலாம் என்கிறார் அவர். சின்னவனுக்கு ஒரு வயது ஆகட்டும், அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்ல நினைக்கிறேன். சொல்லவில்லை. அப்பாவை அதிகம் பார்க்காமலே முதல் வருடத்தை ராணி கழித்துவிட்டாள், இவனும் அப்படி வளர வேண்டுமா?

எனக்குள் ஒருத்தி, பிளாஸ்க்கை இறுகப் பிடித்துக்கொண்டு யாராவது வரும்வரை உட்காரச் சொல்கிறாள். இன்னொருத்தி, எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு மேட்டை ஏறு என்கிறாள்.

சின்னக் குழந்தைகளோடு தூர இடங்களில் குடித்தனம் செய்த தாய்மார்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். ராணுவக் குடும்பங்கள், எஸ்டேட்டில் இருப்பவர்கள், டேம் வேலைக்குப் போனவர்கள். நீங்கள் போனீர்களா, இருந்துவிட்டீர்களா? "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதை நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன். போனவர்கள், குழந்தைக்கு முடியாமல் போன அந்த முதல் நாளில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இருந்துவிட்டவர்கள், உங்கள் பிள்ளை அப்பாவை முதலில் பார்த்தபோது என்ன செய்தது என்று எழுதுங்கள். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் சொல்லி வைக்க வேண்டும். எத்தனை பேருக்கு என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.